மட்டையைத் தூக்கும் முன்பே பந்தைப் படிக்க வேண்டும்

2004-ல் அமெரிக்காவில், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பாலில் ஒரு காட்சி ஆட்டம். மட்டையோடு நின்றவர் ஆல்பர்ட் புஹோல்ஸ், அன்றைய பேஸ்பாலின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவர். பந்து வீசியவர் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச். புஹோல்ஸ் ஸ்ட்ரைக்-அவுட் ஆனார், அதாவது அடிக்க முடியாமல் ஆட்டமிழந்தார்.

சாஃப்ட்பால் அளவில் பெரிய பந்து, வேகமும் குறைவு. ஆனால் சுமார் 13 மீட்டரிலிருந்தே வீசப்படுவதால், பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் கிட்டத்தட்ட பேஸ்பாலில் கிடைப்பதுதான். அப்படியானால் எங்கே தவறியது? ஃபின்ச் கையைத் தாழ்த்தி இடுப்பருகிலிருந்து பந்தை விடுகிறார். தோளுக்கு மேலிருந்து வரும் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தக் கை எதையும் சொல்லவில்லை. பேட்டரின் திறமை வேகமான கண்ணில் இல்லை, பழகிய கண்ணில் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கும் நடுவே 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி போய்விடுகிறது. கண் பார்த்தது மூளைக்குப் புரிய இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆகவே பந்து பாதி தூரம் வருவதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும். 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் தூரம் 14 மீட்டர்தான். அங்கே 112 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தும் அதே 0.4 விநாடியில் வந்து நிற்கும்.

‘பந்திலிருந்து கண்ணை எடுக்காதே’ என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம். கடைசிவரை அப்படிச் செய்ய யாராலும் முடியாது. 1984-ல் டெர்ரி பாஹில் குழுவினர் அளந்து பார்த்தபோது, தொழில்முறை வீரரின் கண்கூட பிளேட்டுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் முன்பே பந்தைத் தவறவிட்டது. அதனால் ஆரம்பத்தில் பார்ப்பதுதான் மதிப்புள்ளது.

ஆரம்பத்தில் என்ன தெரியும்? ஃபாஸ்ட்பால், அதாவது முழு வேகத்தில் வீசும் பந்து, பின்னோக்கிச் சுழன்றபடி வருகிறது. காற்று அதைச் சற்றே மேலே தள்ளுவதால் எதிர்பார்த்த அளவுக்கு அது இறங்காது. வளைந்து இறங்கும் கர்வ்பால் முன்னோக்கிச் சுழல்வதால் காற்றே அதைக் கீழே அழுத்துகிறது. அப்படி இறங்கப்போகும் பந்தை பிட்சர் கொஞ்சம் மேல்நோக்கியே விட வேண்டும், கையை விட்டதும் ஒரு சிறு எழும்பல் தெரியும். பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் என்ற பந்து சுழலும் விதத்தில் சிவப்புத் தையல்கள் சேர்ந்து ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிவதாகப் பல பேட்டர்கள் சொல்கிறார்கள். சேஞ்ச்அப்தான் கொடுமை: கை அசைவு ஃபாஸ்ட்பாலுக்குரியது, பந்து மட்டும் மெதுவாக வரும்.

சரி, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த வீடியோவை ஓடவிட்டு, பந்து கையை விட்ட சற்று நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். என்ன பந்து, அடிக்கக்கூடிய பகுதிக்குள் வரும் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று பிள்ளை சொல்ல வேண்டும். அப்புறம் மீதியை ஓட்டிக் காட்டுவார்கள். சரியா தப்பா என்று உடனே தெரிவதுதான் இதில் முக்கியம், அது இல்லாவிட்டால் வெறும் ஊகம்தான் மிஞ்சும். பிள்ளை தேறத் தேற, வீடியோவை இன்னும் முன்னதாக நிறுத்துவார்கள்.

வீடியோ தேவைப்படுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. வளரும் தோளும் முழங்கையும் கெடக்கூடாது என்பதற்காக, லிட்டில் லீகில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. கர்வ்பாலைச் சின்ன வயதில் தவிர்க்கச் சொல்வார்கள். அது நல்லதுதான். ஆனால் எதிரே நிற்கும் பேட்டர் கர்வ்பாலைப் பார்ப்பதே அபூர்வமாகிவிடுகிறது, அந்தக் குறையை வீடியோ ஓரளவு தீர்க்கும்.

ஓரளவுதான். திரை தட்டையானது, பந்து நம்மை நோக்கி வரும் அந்த ஆழம் அதில் இல்லை. எனக்குப் பிடித்தது இன்னொரு எளிய பயிற்சி: தன் அணியின் பிட்சர் வீசிப் பழகும்போது, பேட்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிளேட்டருகே நிற்பது. மட்டையைச் சுழற்றக் கூடாது. பந்து பாதி வழி வருவதற்குள் ‘ஃபாஸ்ட்’, ‘கர்வ்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிட்சர் எப்படியும் வீசத்தான் போகிறார், அதே பந்துகளில் இன்னொரு பிள்ளையின் கண்ணும் பழகிவிடும்.