பஞ்சப்படியா, அகவிலைப்படியா?

"இன்னா சார், திரும்பவும் டி.ஏ. ஏறிச்சாமே? உங்களுக்கு இன்னா கொறச்சல்!"

வேலூர் சத்துவாச்சாரியில் நான் டீ குடிக்கும் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி என்னை நோக்கி வந்துவிடும். டி.ஏ. என்பது விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகை. கேட்பவர் பழவண்டிக்காரர், நல்ல மனிதர். 2024 ஜனவரி 9-ஆம் தேதி அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் தொடங்கியபோது மட்டும் அவர் குரல் மாறிவிட்டது: "இருக்கறவனுக்கே இன்னும் வேணுமாம்." ஓய்வு பெற்றவர்களுக்கு நிலுவையில் கிடந்த டி.ஏ.வும் அந்த ஸ்ட்ரைக்கின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அவருக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தச் சொல்லையே நான் முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தேன்.

டி.ஏ.வுக்கு அரசாணையில் 'அகவிலைப்படி' என்று இருக்கும். சங்கத்துக்காரர்கள் 'பஞ்சப்படி' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அகவிலையில் வரும் 'அகம்' வீடும் இல்லை, மனமும் இல்லை. அகவிலை என்றால் தானிய விலை. ஔவையாரின் ஆத்திசூடியில் 'அஃகம் சுருக்கேல்' என்று படித்திருப்போம். தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று பொருள். அந்த அஃகமே இங்கே அகமாக நிற்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 'படி'க்கு இரண்டு பொருள் உண்டு. மண்டியில் அரிசி அளக்கும் படி ஒன்று, ஒருவருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கென்று அளக்கும் படி இன்னொன்று. வீட்டு வாடகைப்படி, பயணப்படி எல்லாம் இந்த இரண்டாவதிலிருந்து கிளைத்தவை. லாரி டிரைவர்கள் வாங்கும் பேட்டாவுக்கும் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல்லே மூலம் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் சோற்றில்தான் வந்து நிற்கிறது.

காட்பாடி தாண்டி சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் இதற்குக் 'கரவு பத்யம்' என்று பெயர். கரவு என்றால் பஞ்சம். மலையாளத்தில் 'க்ஷாமபத்த', அதுவும் பஞ்சப்படியேதான்.

பஞ்சம் என்ற சொல்லுக்கு எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தனிக் கனம் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1877-இல் பஞ்சத்தைக் கவனிக்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் உழைப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே சில்லறைக் காசு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது போதாது என்று எதிர்த்து வாதாடினார். உழைப்பவன் உயிரோடு இருக்க எத்தனை தானியம் வேண்டும் என்ற அந்தக் கேள்விதான் பிற்பாடு சம்பளப் பட்டியலில் ஒரு வரியாக ஏறி உட்கார்ந்தது.

அதுவும் சும்மா ஏறிவிடவில்லை. 1918-இல் அகமதாபாத் மில்களில், பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போகாதிருக்கக் கொடுத்துவந்த பிளேக் போனஸை நிறுத்தினார்கள். போர்க்கால விலைவாசிக்கு ஈடாக 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டார்கள் தொழிலாளர்கள். முதலாளிகள் 20-க்கு மேல் ஏறவில்லை. வேலைநிறுத்தம் தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார். நடுவர் கடைசியில் 35 சதவீதமே சரி என்று தீர்த்தார்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். 2016 ஜனவரியில் புதிய ஊதியக்குழுவின் சம்பளம் தொடங்கியபோது மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி பூஜ்யம். 2024 ஜனவரியில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். அந்த எட்டு வருஷத்தில் விலைவாசிக் குறியீடு ஏறிய அளவு அது, அவ்வளவுதான். முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்துப் போடுவதால், விலை முன்னால் ஓட, படி பின்னால் நடக்கும். செய்தியில் இதைச் 'சம்பள உயர்வு' என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை. விலைவாசி பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி உயர்வாகும்? கொரோனா காலத்தில் இந்தப் படியை முடக்கினார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 17 சதவீதத்திலேயே நின்று, 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. அந்த இரண்டு வருஷமும் டீக்கடையில் யாரும் என்னிடம் டி.ஏ. பற்றிப் பேசவில்லை.

ஆனால் பழவண்டிக்காரரின் கோபத்தை என்னால் ஒதுக்கிவிட முடியாது. அரிசி விலை அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் ஏறுகிறது. எனக்கு ஈடு வருகிறது, அவருக்கு வருவதில்லை. அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம்தான் தவறு என்கிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலியோடு இதே அகவிலைப்படி சேர வேண்டும் என்பது சட்டம். சென்னையின் விலைக்குறியீட்டை வைத்து ஏப்ரல் தோறும் அது மாறும். இது அவர்களில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கிறது?

எந்தச் சொல்லை எழுதலாம் என்று கேட்டால், கடிதத்திலும் அரசாணையிலும் 'அகவிலைப்படி' இருக்கட்டும், நல்ல பழந்தமிழ். நேரில் பேசும்போது நான் 'பஞ்சப்படி' என்றே சொல்கிறேன். போன மாதம் பழவண்டிக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார்: "அப்போ பஞ்சம் எனக்கு மட்டும் கெடையாதா சார்?"