லினக்ஸ் போடும்போது ஸ்க்ரீன் கருப்பாகி நின்னுட்டா உடனே பவர் பட்டனை அமுக்காதீங்க

போன வாரம் ஒரு காலேஜ் பையன் லேப்டாப்ப தூக்கிட்டு வந்தான். உபுண்டுங்கற லினக்ஸ் போடப் போயி நாலு தடவ கருப்பு ஸ்க்ரீன்ல நின்னுருக்கு, நாலு தடவையும் பவர் பட்டன அமுக்கி அணைச்சிருக்கான், அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு பயாஸ்ல (ஆன் பண்ணதும் போகுற அடிப்படை செட்டிங்ஸ்ல) டிஸ்க் இயங்குற முறை ரெய்டுனு (RAID) இருந்தத ஏஹெச்சிஐ-னு (AHCI) மாத்திட்டான், இப்ப ஏற்கெனவே இருந்த விண்டோஸும் ஏறல. புராஜெக்ட் மொத்தமும் அதுக்குள்ள. அவன் முகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

திரும்ப ரெய்டுக்கே மாத்துனதும் விண்டோஸ் வந்துருச்சு. ஆனா முதல் கோளாறுக்கும் டிஸ்குக்கும் சம்பந்தமே இல்லைங்க.

ஸ்க்ரீன் நின்னுட்டா முதல்ல கேப்ஸ் லாக்க அமுக்கிப் பாருங்க. லைட்டு மாறி மாறி எரிஞ்சு அணைஞ்சா உள்ள கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, உயிரோடதான் இருக்கு, படம் மட்டும்தான் வரல. தானாவே விட்டு விட்டு மினுக்குனா கெர்னல் பேனிக்கா, அதாவது கெர்னலே செயலிழந்து நின்னதா இருக்கலாம். இவனுக்கு லைட்டு மாறுச்சு. இன்டெல் கூட என்விடியா கார்டும் இருக்குற மெஷின், அதுல என்விடியாவுக்குன்னு லினக்ஸ்லயே வர்ற நோவோ (nouveau) டிரைவர் கார்ட எழுப்பப் போய் மாட்டிக்குது, இத நான் நிறைய தடவ பாத்துட்டேன்.

மறுபடி ஆன் பண்ணி கிரப் மெனு (எத பூட் பண்ணணும்னு கேக்குற ஸ்க்ரீன்) வந்ததும் 'இ' (e) அமுக்குங்க, லினக்ஸ்னு (linux) ஆரம்பிக்கிற வரியில கொயட் (quiet), ஸ்பிளாஷ் (splash) ரெண்டையும் எடுத்துட்டு எஃப்10 அமுக்குங்க, எழுத்தெல்லாம் ஓடும், எந்த வரியில நிக்குதோ அத போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் துப்பு குடுக்கும். அதுல நோவோ பேரு தெரிஞ்சா அதே இடத்துல நோமோட்செட்-னு (nomodeset, ஸ்க்ரீன் மோட டிரைவர் மாத்தாம இருக்கச் சொல்றது) சேத்து பூட் பண்ணுங்க. இவனுக்கு அதுலயே இன்ஸ்டாலர் வந்துருச்சு. போட்டு முடிச்சு என்விடியா டிரைவர ஏத்துனதும் அந்த வார்த்தைய எடுத்துடணும், விட்டா ரெசொல்யூஷன், பிரைட்னஸ் எல்லாம் சரியா வேலை செய்யாது.

ஏசிபிஐ ஆஃப்-னு (acpi=off, பவர் நிர்வாகத்த அணைக்கிறது) போடச் சொல்றவங்க நிறைய பேரு. பூட் ஆயிடலாம்தான், ஆனா பேட்டரி அளவு தெரியாது, ஷட்டவுன் குடுத்தா மெஷின் அணையாது. வேற எதுவும் பலிக்கலன்னா மட்டும், சோதிச்சுப் பாக்க போடுங்க.

இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியலன்னாதான் ஏஹெச்சிஐ பேச்சு. அப்பவும் முதல்ல பைல்களுக்கு பேக்கப், பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ரெகவரி கீய தனியா எழுதி வைங்க, அப்புறம் விண்டோஸ அடுத்த பூட்டுக்கு சேஃப் மோட்ல (அடிப்படை டிரைவர் மட்டும் ஏறுற முறையில) வர்ற மாதிரி செட் பண்ணிட்டு பயாஸ்ல மாத்துங்க, சேஃப் மோட்ல ஏறும்போதே சரியான டிரைவர அதுவே எடுத்துக்கும்.