சொட்டும் மிக்சர் குழாய்: வாஷர் போதுமா, ஸ்பிண்டில் வேண்டுமா?

மூடி வைத்த குழாய் சும்மா இருப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் அதை இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 6 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 600 கிராம் எடைக்கு ஈடான அழுத்தம் விழும். குழாய்க்குள் தண்ணீர் ஏறி வரும் துளையின் விட்டம் 12 மி.மீ. என்றால், மொத்தத் தள்ளல் ஏறக்குறைய 680 கிராம். இத்தனையையும் தடுத்து நிற்பது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு ரப்பர் வட்டு. அதுதான் வாஷர்.

குழாய் சொட்டினால் முழுக் குழாயையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல கனமான பித்தளை உடம்பு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கெட்டுப்போனது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பாகம்தான். அது எந்தப் பாகம் என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். எங்கே கசிகிறது, எப்போது கசிகிறது என்று கவனித்தால் போதும்.

இரண்டு கைப்பிடி மிக்சர் என்பது ஒரே உடம்புக்குள் இருக்கும் இரண்டு குழாய்கள். ஒரு பக்கம் சுடுதண்ணீர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர், வாய் மட்டும் பொது. ஒவ்வொரு கைப்பிடிக்கும் கீழே, அதோடு சேர்ந்து சுழலும் தண்டு ஒன்று உண்டு. அதுதான் ஸ்பிண்டில். பழைய வகையில் அந்த ஸ்பிண்டில் ஒரு திருகாணி. அதன் நுனியில் வாஷர். வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்புக்கு சீட் என்று பெயர். இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் 1845-இல் காப்புரிமை பெற்ற திருகுக் குழாயின் வழியில் வந்த ஏற்பாடு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

திருகின் பலத்தைப் பலர் உணர்வதில்லை. கைப்பிடியின் விளிம்பு மையத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்பிண்டில் 2 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் 157 மி.மீ. சுற்றி வரும்போது வாஷர் 2 மி.மீ.தான் நகர்கிறது. அப்படியானால் விரல் கொடுத்த விசை 78 மடங்காகி வாஷர் மேல் இறங்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் உராய்வில் போனாலும், ஒரு கிலோ அளவுக்கு விரலால் தள்ளினால் வாஷரை இருபது முப்பது கிலோ நசுக்கும். தண்ணீரைத் தடுக்கத் தேவையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. சொட்டுகிறதே என்று இறுக்க இறுக்க, சீட்டின் விளிம்பு ரப்பரில் வட்டமாகப் பள்ளம் வெட்டும். நாளைக்கு இன்னும் இறுக்க வேண்டி வரும்.

சரி, எங்கே கசிகிறது? கைப்பிடிகள் இரண்டும் மூடியிருக்கும்போது வாயில் சொட்டினால் கோளாறு வாஷரிலோ சீட்டிலோ இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிய, கீழே ஒவ்வொரு பக்கத்துக்கும் தண்ணீரை நிறுத்த இருக்கும் ஆங்கிள் வால்வு இரண்டில் ஒன்றை மட்டும் மூடிப் பார்க்கலாம். வாயில் தேங்கியது வடிந்த பிறகு சொட்டு நின்றால் அந்தப் பக்கம்தான். நிற்காவிட்டால் அதைத் திறந்துவிட்டு மற்றதை மூடிப் பார்க்க வேண்டும். இரண்டில் எதை மூடினாலும் முழுதாக நிற்கவில்லையென்றால் இரண்டு பக்கமும் போயிருக்கிறது.

வாய் காய்ந்திருக்கிறது, ஆனால் குழாயைத் திறந்தால் மட்டும் கைப்பிடியின் கழுத்தில் நீர் கசிகிறது என்றால் வாஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. பழைய குழாய்களில் ஓ-ரிங்குக்குப் பதிலாக, ஸ்பிண்டிலைச் சுற்றிக் கயிறு அடைத்து இறுக்கும் கிளாண்டு இருக்கும். தோட்டத்து மோட்டாருக்குக் கிளாண்டு கயிறு சுற்றியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஓ-ரிங் 1930-களில் வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் அழகே, தண்ணீர் அழுத்த அழுத்த அந்த வளையம் தன் பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி இன்னும் கெட்டியாக அடைத்துக்கொள்வதுதான்.

மிக்சரில் ஒரு சூட்சுமம் உண்டு. சீட்டைத் தாண்டிய பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஒரே அறை. அதனால் சுடுதண்ணீரைத் திறந்தால், மூடியிருக்கும் பச்சைத் தண்ணீர்க் கைப்பிடியின் கழுத்திலும் கசிவு வரலாம். எந்தக் கைப்பிடியைத் திறந்தோம் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கழுத்து நனைகிறது என்று பார்த்து அந்த ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். கொங்கு நாட்டில் பல வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு லைன், உப்புத் தண்ணிக்கு ஒரு லைன். சிறுவாணித் தண்ணீர் மலையில் பெய்த மழை. கல்லோடு அதிக காலம் கலந்திருக்காமல் வந்துவிடுவதால் மென்மையானது. போர் தண்ணீர் அப்படியல்ல. பாறை வெடிப்புகளிலும் சுக்கான் கல் கலந்த மண்ணிலும் ஊறி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மதுக்கரையில் 1934-இல் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக் கல் இருந்ததால்தான் என்பதை நினைத்துக்கொண்டால், தரைக்குள் என்ன இருக்கிறது என்று புரியும். இப்படிக் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவுக்குத்தான் கடினத்தன்மை என்று பெயர். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல்லடம், காங்கேயம் பக்கம் சோப்பு நுரைக்காத போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இந்த எண்கள் உடம்பிலேயே தெரியும்.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படிவாக நிற்கிறது. கெய்சரின் காயிலில் படிவது, சீட்டின் விளிம்பிலும் படிகிறது. வாஷர் அந்தச் சொரசொரப்பின் மேல் உட்கார்ந்தால் முழு வட்டமாக அடைக்க முடியாது. போதாக்குறைக்கு, சூட்டில் ரப்பர் சீக்கிரம் இறுகி நெகிழ்ச்சி இழக்கிறது. மிக்சரில் பெரும்பாலும் சுடுதண்ணீர்ப் பக்கம் முதலில் சொட்ட ஆரம்பிப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

சின்னச் சொட்டுதானே என்று விடுவதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. 6 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு மெல்லிய இடைவெளியில் பீறிடும்போது அதன் வேகம், உராய்வை ஒதுக்கிவிட்டால், விநாடிக்கு சுமார் 11 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். அதோடு நுண்மணலும் போனால் பித்தளை சீட்டில் காலப்போக்கில் கோடு அறுத்துவிடும். பிறகு வாஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை.

விரயமாவது எவ்வளவு என்று பார்க்க ஆசைப்பட்டால் ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து அளந்து 24-ஆல் பெருக்குங்கள். நாளைக்கு 20 லிட்டர் என்றாலே ஆண்டுக்கு 7,300 லிட்டர். ஆயிரம் அடி போரிலிருந்து 1,000 லிட்டரை மேலே தூக்க, இழப்பே இல்லாத மோட்டாருக்கும் 0.8 யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜத்தில் அதைப்போல் இரண்டு பங்குக்குமேல் ஆகும்.

கழற்றும் வேலைக்கு அவசரம் ஆகாது. முதலில் கெய்சரை அணைத்துவிட்டு இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் மூடுங்கள். ஆங்கிள் வால்வு பிடிக்காவிட்டால் தொட்டிக்கடியில் இருக்கும் கேட் வால்வை மூட வேண்டியதுதான். கைப்பிடிகளைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, பேசின் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். திருகாணி அதற்குள் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு. கைப்பிடியின் மேலுள்ள சிவப்பு அல்லது நீலப் பொட்டை நெம்பினால் கீழே திருகாணி தெரியும். கைப்பிடியைக் கழற்றிய பிறகு, ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டுதான் ஸ்பானரைப் போட வேண்டும். மூடிய நிலையில் முறுக்கினால் வாஷர் சீட்டில் அழுந்தி மாட்டிக்கொள்ளும். திருப்பி மாட்டும்போதும் அப்படியே.

வெளியே எடுத்த ஸ்பிண்டிலின் நுனியைப் பாருங்கள். வாஷரில் பள்ளம் விழுந்திருந்தால் அதே அளவில் புதிது. அப்புறம் டார்ச் அடித்து சீட்டைப் பார்த்து, விரலால் தடவுங்கள். வெள்ளைப் படிவு என்றால் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒற்றி வைத்தால் நுரைத்துக் கரையும். கழிவறை ஆசிட் பக்கம் போகவே கூடாது. அது குரோம் பூச்சையும் பித்தளையையும் சேர்த்து அரித்துவிடும். படிவு போன பிறகும் விரலில் பள்ளம் தட்டினால், சீட்டை மழித்துச் சமமாக்கும் கருவி வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடலாம். சீட்டோ உடம்போ தாமிர நிறத்தில் சிவந்து பொறுபொறுவென்று இருந்தால், உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டது என்று பொருள். அந்தக் குழாயை மட்டும் முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

கைப்பிடி கால் சுற்றிலேயே திறந்து மூடினால் உள்ளே இருப்பது வாஷர் அல்ல, செராமிக் டிஸ்க். திருகைக் கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டுகள். துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் ஓடும், விலகினால் நிற்கும். வட்டுகள் அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடால் ஆனவை. எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் அலுமினா 9, மணல் 7, சுண்ணாம்புப் படிவு 3. ஆகவே மணலால் இதை எளிதில் கீற முடியாது. ஆனால் வட்டுகளுக்கு நடுவே துகள் சிக்கினாலும், ஸ்பிண்டிலின் அடியிலுள்ள ரப்பர் வளையம் இறுகிப்போனாலும் சொட்டும். கழுவி, வினிகரில் ஊறவைத்துப் பார்க்கலாம். சரியாகாவிட்டால் ஸ்பிண்டிலை முழுசாக மாற்றுவதே நல்லது.

கடைக்குப் போகும்போது பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். அரை இஞ்ச் என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. அரை இஞ்ச் பைப் மரையின் வெளிவிட்டமே ஏறக்குறைய 21 மி.மீ. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மரை, நீளம், கைப்பிடி உட்காரும் பல் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் வகையில் வலப்பக்கம் சுற்றி மூடுவது, இடப்பக்கம் சுற்றி மூடுவது என்று இரண்டு உண்டு. மாறிப்போனால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும்.

புது ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். வண்டிக் கிரீஸ் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும். டெஃப்லான் டேப்பை எல்லா இடத்திலும் சுற்றுவது ஒரு வீண் பழக்கம். வாயில் விழும் சொட்டு மரை வழியாக வருவதே இல்லை. எல்லாம் மாட்டியதும் வாயின் நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு, ஆங்கிள் வால்வை மெதுவாகத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டால் கிளம்பிய துகள்கள் வெளியேறிவிடும்.

இவ்வளவும் செய்து, கெய்சர் ஓடும் நேரத்தில் மட்டும் சுடுதண்ணீர்ப் பக்கம் சொட்டினால் குழாயைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 25 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் கன அளவு ஏறக்குறைய 1.4 சதவீதம் கூடும். 15 லிட்டர் கெய்சரில் அது 210 மில்லி. வழி திறந்திருந்தால் அது சத்தமில்லாமல் தொட்டிப் பக்கம் திரும்பிவிடும். கெய்சருக்கு முன்னால் ஒருவழி வால்வு இருந்தால் திரும்ப இடமில்லை; அழுத்தம் ஏறி, பலவீனமான வாஷரைத் தூக்கிக்கொண்டு வழியும். அந்த அழுத்தத்தை விடுவிக்கத்தான் கெய்சரில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. சூடாகும் நேரத்தில் அதிலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. அதை யாரும் கட்டியோ, டேப் சுற்றியோ, மூடி போட்டோ அடைத்துவிடக் கூடாது.