அடுக்கு இல்லை, தொங்கல்: கேஸ்கேட் பொக்கேவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"அடுக்குத் திருமணப் பூங்கொத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்கிற மாதிரித் தலைப்புகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. மணப்பெண் கையில் பிடித்திருக்க, பூவும் இலையும் முழங்கால் வரை வழிந்து இறங்குமே, அந்தக் கேஸ்கேட் பொக்கேவைத்தான் இப்படி எழுதுகிறார்கள். வேறு சிலர் 'நீர்வீழ்ச்சிப் பூங்கொத்து' என்கிறார்கள். இரண்டுமே தப்பு, முதலாவது ரொம்பவே தப்பு.

சொல் வரலாறு சுருக்கம்தான். இத்தாலியில் 'கஸ்காரே' என்றால் விழுவது. அதிலிருந்து 'கஸ்காத்தா', பிரெஞ்சு வழியாகக் 'கேஸ்கேட்', அதாவது பாறைக்குப் பாறை தாவி இறங்கும் சிற்றருவி. பொக்கே என்பதும் பிரெஞ்சுச் சொல்தான். முதலில் சிறு தோப்பைக் குறித்தது, அப்புறம் பூக்கூட்டத்தைக் குறித்தது. இந்த இரண்டு சொல்லிலும் எங்கே தேடினாலும் அடுக்குதல் கிடையாது.

பின்னே அடுக்கு எங்கிருந்து வந்தது? கணினித் திரையில் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்துவதையும் ஆங்கிலத்தில் கேஸ்கேட் என்பார்கள், அங்கே 'அடுக்கு' பொருந்தலாம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மணப்பெண் கையில் கொடுத்தால் எப்படி? தமிழில் அடுக்குவது என்றாலே கீழிருந்து மேலே போவது. பாத்திரத்தை அடுக்குகிறோம், புத்தகத்தை அடுக்குகிறோம், அடுக்குமாடி கட்டுகிறோம், எல்லாவற்றிலும் அடியில் கனம், மேலே ஏற்றம். கேஸ்கேட் பொக்கே இதற்கு நேர் எதிர், கனமெல்லாம் தலைப்பகுதியில் இருக்கும், கீழே போகப் போக மெலிந்து நுனியில் ஒற்றைக் கொடியாக முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பூக்களைப் பற்றிப் பேசும்போது 'அடுக்கு' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அடுக்கு மல்லி, அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை என்று சொல்கிறோமே, அதெல்லாம் என்ன? ஒற்றை நந்தியாவட்டையில் ஐந்து இதழ் விரிந்திருக்கும், அடுக்கு நந்தியாவட்டையில் இதழுக்குள் இதழாக நெருங்கிச் சுருண்டிருக்கும். ஆக 'அடுக்குப் பூங்கொத்து' என்று படிக்கிறவருக்கு, அடுக்கு இதழ்ப் பூக்களால் கட்டிய கொத்து என்றோ, தட்டுத் தட்டாக மேலே எழுப்பிய பூ அலங்காரம் என்றோதான் தோன்றும், தோன்றவும் வேண்டும். அந்தச் சொல்லை நம்பிப் பூ கட்டுகிறவரிடம் போய்ச் சொல்லும் பெண்ணுக்கு, கேட்டது ஒன்று, கைக்கு வருவது ஒன்று. கல்யாணத்தன்று காலையில் அதை மாற்றவா முடியும்?

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்குள்ள கோபமே இதுதான். கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துப் போடுகிறார்கள். பக்கத்திலேயே படம் இருக்கும், ஒரு தடவை அதைப் பார்த்திருந்தால் 'அடுக்கு' என்று எழுதக் கை வராது. இயந்திரம் பெயர்த்ததை அப்படியே ஏற்றிவிடுகிறவர்களும் இதில் சேர்த்தி. பொருளைப் பார்க்காமல் பெயர் வைக்கவே கூடாது.

பொருள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கைப்பிடியின் தலையில் ஈரம் தாங்கும் நுரைப்பஞ்சு. அதில் ரோஜா மாதிரிப் பெரிய பூக்களை நெருக்கிச் செருகுகிறார்கள். அதிலிருந்து கீழே இறங்குவதற்கு ஆர்க்கிட் தண்டு, ஐவிக் கொடி, காம்புக்குப் பதிலாக மெல்லிய கம்பி சுற்றிய சின்னப் பூக்கள். 1981 ஜூலை 29 அன்று, பிரிட்டன் இளவரசர் சார்லஸை மணந்தபோது டயானா கையில் இருந்தது இந்த வகைதான். கார்டினியா, ஸ்டெஃபனோடிஸ், ஆர்க்கிட், மஞ்சள் ரோஜா, ஐவி, மிர்ட்டில் எல்லாம் சேர்ந்து மூன்றடிக்கு மேல் இறங்கியது. அதைப் பார்த்துத்தான் பிறகு ஊர் உலகமெல்லாம் நீளக் கொத்து கேட்டார்கள்.

சரி, நீர்வீழ்ச்சி? அருவி என்று அழகான பழைய சொல் இருக்க, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்து ஒட்டியது அது. போதாததற்கு விலை வீழ்ச்சி, ஆட்சியின் வீழ்ச்சி என்று நாம் புழங்கும் சொல்லைக் கல்யாணப் பூவில் கொண்டுவந்து கட்டுகிறார்கள். 'அருவிக்கொத்து' என்றால் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது உவமை. பூத்தொடுப்புக்கென்றே தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கும்போது தண்ணீரிடம் கடன் வாங்குவானேன்?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் முருக நாயனாரின் பூத்தொண்டைச் சொல்லும்போது கோவை, இண்டை, தாமம், மாலை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று வகை வகையாகப் பிரிக்கிறார். கோக்கிற விதமும் கட்டுகிற விதமும் மாறினால் பெயரும் மாறுகிறது. அதில் கடைசியாக வருவது, நுண்ணிய தாது சிந்தும் தொங்கல். நமக்கு வேண்டிய சொல் இதுதான்: தொங்கல் கொத்து. கொத்தின் தலை ஓரிடத்தில் பிடிபட்டிருக்கிறது, மிச்சம் கீழே தொங்குகிறது, பெயரிலேயே உருவம் தெரிகிறது. தொங்கல் என்றால் முடியாமல் இழுபடும் வேலை நினைவுக்கு வராதா என்பார்கள். தொங்கட்டான் என்று காதில் போட்டுக்கொள்ளும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லையே.

இதில் 'தொங்கல் செண்டு' என்று எழுதிவிடக் கூடாது. செண்டுக்குப் பந்து என்றும் பொருள் உண்டு, உருண்டையாகக் கட்டிய பூவுக்குப் பூச்செண்டு கச்சிதம், அதை அங்கேயே விட்டுவிடலாம். நாடாக்களில் இடைவெளி விட்டுச் சின்னப் பூக்களை முடிந்து, பல சரங்களாகத் தொங்கவிடும் இன்னொரு வகை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷவர்' என்பார்கள், பலர் அதையும் கேஸ்கேடையும் ஒன்றாகவே குழப்புகிறார்கள். மரத்திலிருந்து சரம் சரமாக இறங்குவதால் சரக்கொன்றை என்று பெயர் வைத்தவர்கள் நாம், இதைச் சரக்கொத்து என்று சொல்வதில் என்ன தடை?

தொங்கல் என்று பெயர் வைத்தால் தேர்ந்தெடுப்பதும் சுலபமாகிறது. தலை எவ்வளவு அகலம், தொங்கல் எவ்வளவு நீளம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம். உயரம் குறைந்த பெண் என்றால் தொங்கல் முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். உடையின் முன்பக்கம் வேலைப்பாடு நிறைய இருந்தால் தொங்கலை மெல்லிசாக வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் பூவுக்குப் பின்னால் மறைந்துவிடும். கனம் தலையில் வேண்டாம் என்றால் பெரிய பூவைக் குறைத்து இலையைக் கூட்டச் சொல்லலாம். முன்கூட்டியே அதே எடையுள்ள ஒன்றைத் தொப்புள் உயரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது நல்லது, கை வலித்தால் தூக்கிப் பிடிக்கத் தோன்றும், தூக்கினால் தொங்கல் சரியாக விழாது.