“படைக்கு ஒரு ட்யூப் கொடுங்க”

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடை வரை வந்து நடவு தொடங்கிவிட்டால், தோல் டாக்டர்களுக்கு இங்கே ஓய்வு கிடையாது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வருபவர்கள் எதைக் காட்டினாலும் “படை” என்றுதான் சொல்வார்கள். இடுப்பில் வட்டமாக அரிப்பதும் படை, கழுத்தில் வெளுத்திருப்பதும் படை, முழங்கையில் செதில் உதிர்வதும் படை. ஊர்ப் பேச்சுக்கு அது போதும். மெடிக்கலில் போய் அப்படிக் கேட்கும்போதுதான் வம்பு.

பாவாடை நாடா இறுகும் இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே: நாளெல்லாம் ஈரத்துணியோடு வேலை செய்தால் அங்கே வருவது பெரும்பாலும் படர்தாமரை. இது பூஞ்சைத் தொற்று. ஓரம் சிவந்து மேடாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். கடையில் எடுத்துக் கொடுக்கும் கலவை கிரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் இருக்கும். போட்ட ஓரிரு நாளில் அரிப்பு நின்றுவிடும். ஆனால் ஸ்டீராய்டு அரிப்போடு சேர்த்து, பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கிவிடுகிறது. விட்டதும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். வட்டமும் கலைந்துபோவதால், பார்க்கிற எங்களுக்கே சில நேரம் குழப்பம்.

நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் காட்டினார். கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிதுக்கியிருந்தார். “போட்டா கேக்குது சார், விட்டா வந்துடுது.” வீட்டில் மருமகளும் பேரனும் அதே ட்யூபைத்தான் போடுகிறார்கள், குளித்துவிட்டுத் துவட்டுவதும் ஒரே துண்டில். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல வரிவரியாக இருந்தது. படர்தாமரையைக் குணப்படுத்தலாம், அந்த வரிகள் முழுதாக மறையாது. இந்தக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன செய்வது? ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தை வாரக்கணக்கில் போட வேண்டும். படை மறைந்ததும் நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். வீட்டில் யாருக்கெல்லாம் அரிக்கிறதோ அவர்களுக்கும் ஒன்றாகவே வைத்தியம் பார்க்க வேண்டும். துண்டு தனித்தனி. உள்ளாடையை உட்புறம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள்.

கழுத்திலும் முதுகிலும் வெளுத்து, சுரண்டினால் தவிடு மாதிரி உதிர்ந்தால் அது தேமலாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரிப்பே இல்லாமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும் திட்டில் தொட்டாலும் உணர்ச்சி இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும்.

கால் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி வெடிக்கும் சேற்றுப்புண்ணை இங்கே யாரும் நோயாகவே மதிப்பதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கும், கும்பகோணம் பக்கம் வயதானவர்களிடம் இன்னும் பார்க்கிற யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் அந்தச் சின்ன வெடிப்புதான் கிருமி நுழையும் வாசல். குளிர்க்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் கூடும். கரையேறியதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள்.

அப்புறம் அக்கி. உடம்பின் ஒரே பக்கம் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால், செங்காவியில் அக்கி எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அக்கி வைரஸால் வருவது, அதற்கான மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எழுதிவிட்டு மூன்றாம் நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

டாக்டரிடம் வரும்போது இதுவரை போட்ட ட்யூப்கள், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், காலியானதையும் சேர்த்து. திட்ட மாட்டோம்.