தடைக்காலத்தில் இடம் மாறிய கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். நான் கணக்கு பார்க்கும் மீன் கம்பெனியில் நானும் என் பங்குக்கு ஒன்றைப் பிரித்துப் போட்டேன்: கணக்கு ஃபைல். அதை எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். அதில் அப்போது எனக்கு அரிச்சுவடிதான் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருளில் நானே செய்தது அந்த ஃபைல். எந்தப் படகு எத்தனை கிலோ நண்டு, எத்தனை கிலோ கணவாய் இறக்கியது, படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. ஒரே கணினியில் இருந்தவரை தொந்தரவு இல்லை. எடை போடும் இடத்துக்கு ஒன்று, ஐஸ் ரூமுக்கு ஒன்று என்று கணினி மூன்றானதும் ஃபைல் அடிக்கடி உடைந்தது.

காரணம் எளிது. ஆக்சஸ் ஃபைலைப் பொதுவான ஃபோல்டரில் வைத்தால், மூன்று கணினியும் நேராக அதிலேயே கை வைக்கும். மேசையில் ஒரே பேரேடு, சுற்றி மூன்று பேர், ஆளுக்கொரு பேனா. யார் எந்தப் பக்கத்தில் எழுதுகிறார் என்பதைப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பூட்டு ஃபைல் குறித்து வைக்கும், அவ்வளவுதான் காவல். ஒருவர் பாதி எழுதும்போது கரண்ட் போனாலோ வைஃபை அறுந்தாலோ அந்தப் பாதி அப்படியே நிற்கும். அப்புறம் பழுது பார்க்கும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளையைப் போட்டுவிட்டுச் சாமி கும்பிட வேண்டியதுதான். போதாததற்கு ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது.

சர்வர் என்றால் பெரிய கணினி என்று நினைத்திருந்தேன். பழைய லேப்டாப்பிலும் அது ஓடும். மாறுவது பேரேட்டைத் தொடும் ஆள். இப்போது கல்லாவில் ஒரே கணக்குப்பிள்ளை. வேண்டியதைக் கேட்டால் அவரே தேடி, அந்த நாலு வரியை மட்டும் நீட்டுவார். எழுதச் சொன்னால் முதலில் சிட்டையில் குறிப்பார். சிட்டையில் ஏறிய பிறகே 'சரி' என்பார். பேரேட்டில் சாவகாசமாக ஏற்றுவார். இடையில் கரண்ட் போனாலும் திரும்பி வந்ததும் சிட்டையைப் புரட்டி, முடிந்ததைப் பேரேட்டில் சேர்ப்பார், அரைகுறையை அடித்துவிடுவார். நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக நடக்கும் முறைதான். சர்வரில் அந்தச் சிட்டைக்கு 'லாக்' (log) என்று பெயர்; பூட்டு அல்ல, பதிவேடு.

கற்றுக்குட்டிக்கு ஒரு வசதி உண்டு. படிவங்களும் ரிப்போர்ட்டுகளும் ஆக்சஸிலேயே இருக்கட்டும்; அட்டவணைகளை மட்டும் சர்வருக்கு அனுப்பிவிட்டு, ஓடிபிசி என்ற இணைப்புப் பாலம் வழியாக இணைத்தால் போதும். சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், மாற்றித் தரும் கருவியும் இலவசம். அசல் ஃபைலைத் தொடாமல் நகலில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன்.

முதல் ஒத்திகை ஒரு தேதியில் முட்டி நின்றது. யாரோ 2020 என்பதை 202 என்று அடித்திருந்தார்கள். கி.பி. 100 வரை பின்னால் போனாலும் ஆக்சஸ் வாங்கிக்கொள்ளும். சர்வரில் தேதிக்கு நான் தேர்ந்தெடுத்த 'டேட்டைம்' வகையோ 1753-க்கு முன்னால் போகாது. பிரிட்டன் 1752 செப்டம்பரில் காலண்டரை மாற்றியபோது 2-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14-ஆம் தேதி ஆனது. அந்தக் குழப்பத்துக்கு இந்தப் பக்கமே அந்த வகையைச் செய்தவர்கள் நின்றுகொண்டார்கள். புதிய 'டேட்டைம்2' எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் 202-ஆம் ஆண்டில் நண்டு வாங்கிய கணக்கு எனக்கு எதற்கு? திருத்தினேன்.

இரண்டாவது, தமிழ். பழைய பெயர்கள், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். அப்படியும் சர்வரில் நேரடியாகத் தட்டிய ஒரு கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால், உள்ளே இருப்பது யூனிகோடு என்று சொல்லும் ஆங்கில 'என்' (N) எழுத்தைப் போட மறந்தேன். ஒரு படகின் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக நின்றது.

மூன்றாவது ஒத்திகை தடங்கலின்றி முடிந்தது. ஜூன் 14 மாலை பாக்கிப் பட்டியலை முதலாளியிடம் நீட்டினேன்.

"என்ன தம்பி, ஒருத்தன்கூடவா கடனை அடைக்கல?"

பட்டியலில் அத்தனை படகும் பாக்கி. கடன் அடைந்ததா என்பதற்கு ஆக்சஸில் 'ஆம்' என்றால் அதன் மதிப்பு மைனஸ் ஒன்று. கணினி எண்ணை 0, 1 என்ற பிட்டுகளாக எழுதும்; எல்லா பிட்டும் 1 என்று இருந்தால் அந்த எண் அப்படித்தான் வரும். சர்வரில் அது வெறும் ஒன்று. பட்டியல் எடுக்க சர்வருக்கு மாற்றிய வினவலில் (கேள்விக் கட்டளையில்) நான் மைனஸை அப்படியே விட்டிருந்தேன். கடனை அடைத்தவர் யாரும் அதன் கண்ணில் படவில்லை.

மைனஸை அழித்துவிட்டு மறுபடி பிரின்ட் கொடுத்தேன். வெளியே படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.