புளியங்கொட்டையும் விரல்நுனியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துபோனது. கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர்), "பல்லாங்குழி இருக்காம்மா?" என்று கேட்டார். பந்தை அமுக்கச் சொல்வார் என்று காத்திருந்த அத்தைக்கு ஆச்சரியம். எனக்கும்தான். அந்தப் பலகைக்குள் எவ்வளவு நரம்பியல் இருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடித்த இடத்தில் தசை புரள்வது தெரியும். விரல்களை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அவையெல்லாம் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல விரலை இழுக்கின்றன. விரல்நுனியின் பெரிய வேலை உணர்வதுதான். ஒரு கையின் உட்புறத் தோலிலிருந்து தொடுகைச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் சுமார் 17,000. விளிம்பை அறிய ஒரு வகை, நழுவலை அறிய ஒரு வகை, மெல்லிய அதிர்வை அறிய இன்னொரு வகை என்று அவை வேலையைப் பிரித்துக்கொள்கின்றன.

இந்த உணர்வு போனால் என்ன ஆகும்? ஸ்வீடனைச் சேர்ந்த ரோலண்ட் யோஹான்சன் செய்த சோதனை ஒன்று உண்டு. விரல்நுனிகளை மட்டும் மரத்துப்போகச் செய்து, தீக்குச்சி உரசச் சொன்னார்கள். தசை நன்றாக இருக்கிறது, கண்ணும் பார்க்கிறது. ஆனாலும் குச்சி நழுவி நழுவி விழுகிறது. சில நொடி வேலை பல மடங்கு நீள்கிறது. பொருள் லேசாக நழுவத் தொடங்கியதுமே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடியை இறுக்குவது நம் வழக்கம். அந்தச் செய்தி வராவிட்டால் பலம் இருந்தும் பயனில்லை.

இப்போது பல்லாங்குழிக்கு வருவோம். ஒரு குழியிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளுகிறோம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மீதியைப் பொத்திக்கொள்ள, கட்டைவிரல் ஒன்றை மட்டும் உள்ளங்கையிலிருந்து நுனிக்குத் தள்ளி, குழிக்கு ஒன்றாகப் போடுகிறது. ஒரே கையின் ஒரு பாதி இறுகிப் பிடிக்க, மறுபாதி தளர்ந்து வேலை செய்ய வேண்டும். சட்டைப் பித்தான் போடவும் சில்லறை எண்ணிக் கொடுக்கவும் இதே திறன்தான் தேவை. ஒரு கொட்டை கூடுதலாக விழுந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. மூளை அடுத்த முறை கணக்கைத் திருத்துகிறது. ஆட்டம் சுவையாக இருப்பதால் நூறு முறை செய்தாலும் சலிப்பதில்லை. மூளையில் புதிய இணைப்புகள் உறுதிப்பட அந்த நூறு முறைதான் வேண்டும்.

அடுத்து மணல். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலை அலசிக் காயவைத்து, ஒரு தாம்பாளத்தில் பரப்பி, சோழியும் நாணயமும் புதைத்தோம். கண்ணை மூடித் துழாவி எது எதுவென்று சொல்ல வேண்டும். கண்ணை மூடியதும் விரல் தானாகவே உருட்டும், வருடும், விளிம்பைத் தேடும்.

இதே மணல் விளையாட்டைக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில குழந்தைகளுக்கு மணல் பட்டாலே உடல் கூசும். அவர்கள் கையைப் பிடித்து உள்ளே அமிழ்த்தாதீர்கள், தயவுசெய்து. நாமே தொடும்போது மூளை அதை முன்கூட்டியே எதிர்பார்த்து உணர்வைத் தணித்துவிடுகிறது. நம் கையால் நமக்கே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். பிறர் திணிக்கும் தொடுகைக்கு அந்தத் தணிப்பு இல்லை. முதலில் ஒரு கரண்டியைக் கொடுங்கள், பிறகு உலர்ந்த அரிசி, ஈரமணல் கடைசியில். எப்போது தொடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று புளியங்கொட்டைக்குப் பதிலாகப் பண்ருட்டி முந்திரிக்கொட்டையை ஓட்டோடு எடுத்துவிட வேண்டாம். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; உணர்வு குறைந்த கைக்கு அது எரிவதுகூடத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருங்கள்.

அத்தை இப்போது கோலமாவுக்கு வந்திருக்கிறார். இழை இன்னும் சில இடங்களில் தடித்துவிடுகிறது. விரலிடுக்கை இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போகிறார்.